பேக்கரி அடுப்பில் வெந்த ஆப்பிள் பை

கல்லூரி நூலகத்தில் எடுத்த ஆங்கில நாவலில் ஒருத்தி ஆப்பிள் பை செய்கிற பக்கத்தைப் படித்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது. அப்பாவும் சாப்பிட வேண்டுமே என்று முட்டையை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா ஆசையாக ஆப்பிள் நறுக்கித் தந்தாள். மாரெட்பள்ளியில் கேக் மாவைக் கொடுத்தால் வேகவைத்துத் தரும் பேக்கரிக்குத் தட்டோடு போனேன்.

"அண்டா நக்கோ?" என்று முட்டை வேண்டாமா என்பதை உருதுவில் கேட்டுச் சிரித்தார் பேக்கரிக்காரர். எங்கள் வீட்டில் முட்டை ஆகாது என்றேன். பொன்னிறமாக எடுத்துக் கொடுத்தார்.

ஃபாக்டரியிலிருந்து வந்த அப்பா, எங்கே வெந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"கறி பஃப் வேகிற அடுப்பா? எனக்கு வேண்டாம்."

"தட்டு நம்மளோடதுப்பா. முட்டைகூடப் போடலை."

"அடுப்பு நம்மளோடதா?"

அம்மா கையில் ஒரு துண்டு இருந்தது. வாய்வரை போனதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கும் பசியில்லடி" என்றாள்.

அப்பா அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பசி போனதுதான் இன்னும் கசக்கிறது. அன்று நான் மட்டும் தின்றேன். ருசி நன்றாகத்தான் இருந்தது.

வரும் ஞாயிறு அப்பாவுக்கு ஓவர்டைம். குக்கரில் மணல் பரப்பி, வீட்டிலேயே செய்யப்போகிறேன். அவர் வருவதற்குள் அம்மா ஒரு துண்டாவது தின்கிறாளா என்று பார்க்கவேண்டும்.