உப்பு தொட்ட மாம்பழம்

2005 கோடையில் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. காலில் ஒரு புண், ஆறவே இல்லை. சர்க்கரை இறங்கிப் புண் ஆறும்வரை உப்பளத்தில் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். உப்பு வாரும் நாளில் வீட்டில் உட்காருவது அவருக்குச் சிறைதான். கூடவே சீனியும் வெல்லமும் போயிற்று.

நான் எட்டாம் வகுப்பு. பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூடப் படித்துவிட்டு ஊருக்கே பாடம் எடுக்கிற ரகம். ஒரு நாள் பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, பழத்துல இருக்குறதும் இந்தச் சக்கரையேதானா?”

“இல்ல பெரியப்பா! அது ஃப்ரக்டோஸ், பழச்சர்க்கரை. நேரா ஈரலுக்குப் போயிடும். இன்சுலினே தேவையில்ல!”

“அப்ப ரத்தத்துல ஏறாது?”

“ஏறவே ஏறாது!”

மாலையே ஒரு கூடை பங்கனப்பள்ளி வந்திறங்கியது. ஆனாலும் உப்பளத்துக்காரர் அல்லவா? ஜாக்கிரதைக்கு ஒவ்வொரு துண்டையும் சொந்தப் பாத்தி உப்பில் புரட்டினார். கொஞ்சநஞ்ச இனிப்பையும் உப்பு முறித்துவிடுமாம்.

“மாங்காய்க்கு உப்பு தொட்டுப்பாங்க. பழத்துக்கு யாருங்க தொட்டுக்குறா?” என்றாள் பெரியம்மா.

“உனக்கு இன்னா தெரியும்? கொழந்த படிச்சிட்டு சொல்லுது.”

பதினைந்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. நானும் போனேன், பாராட்டு வாங்க. சர்க்கரை ஏறியிருந்தது. உப்பின் புண்ணியத்தில் பிரஷரும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

“இன்னா சாப்ட்டீங்க?”

“பழந்தான் சார். மூணு கூடை. உப்பு போட்டுதான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பழத்தில் பழச்சர்க்கரையோடு குளுக்கோஸும் சாதாச் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும், ஈரலுக்குப் போவதும் அளவு மீறினால் கொழுப்பாகும் என்று விளக்கினார். நான் படித்த தாள் பாதியில் கிழிந்திருந்ததைச் சொல்ல அது நல்ல நேரமாகத் தோன்றவில்லை.

“இதெல்லாம் யாருங்க சொன்னது?”

நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான்.

“நானாதான் சார்” என்றார் பெரியப்பா.

அந்த வருஷம் அவர் பாத்தியில் இறங்கவே இல்லை. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உப்பு வாருகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது புதுச்சேரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகள், என் அக்கா, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாள். பழத்தைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று ரகசியமாகப் பெருமைப்பட்டேன். மாம்பழம் தின்ற அந்தப் பதினைந்து நாளில், சனிக்கிழமைகளில் மட்டும் கூடை கட்டிலுக்கு அடியில் போய்விடும். இருட்டில் வைத்தால் பழம் கெடாது என்று அதற்கும் ஒரு விஞ்ஞான விளக்கம் வைத்திருந்தேன்.