ஊர்வலம் போன வழி

தாணம்மாள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பாள். கம்பத்திலிருந்து வரும் கம்பி நேராக மீட்டருக்குள் போகிறதா, இல்லை மின்சாரம் திருட நடுவில் எங்கேயாவது ஒதுங்குகிறதா என்று அவள் கண் தானாகத் தேடும். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய கண் அது. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் அவள் அண்ணாந்து நிற்பதைக் கண்டால் வீட்டுக்காரர்கள் மீட்டர் பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் இடம் இருக்கிறது என்று சொன்னால், குனிந்து சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். பனங்கால்விளைத் தெருவில் அவளுக்கு சி.பி.ஐ. என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். யார் முதலில் வைத்தது என்பதுவரை தெரியும்.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் கணவர் சிவதாணு. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவர். பேச்சுக் குறைவு. போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாகர்கோவிலில் டாக்டர், பயிற்சி கொடுத்தால் நடக்க வைத்துவிடலாம், ஆனால் முதல் ஒரு வருஷத்துக்குள் விடாமல் செய்ய வேண்டும் என்றார். அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக, வாரத்தில் மூன்று நாள் ஆட்டோக்காரன் பெனினின் வண்டி, முடுக்கு என்கிற குறுகிய தெரு வழியாக வாசல்வரை வரும். சிவதாணு பங்குனியில் கம்பைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி நடந்தார். தாணம்மாள் அதை நம்பாமல் மறுநாளும் எண்ணினாள்.

முடுக்கின் உள்ளே ஐந்து வீடுகள். முதல் வீடு அவளுடையது. அதற்குத் தெற்கே, அவள் மருமகளாக வந்த காலத்திலிருந்தே, வெறும்மனை ஒன்று கிடந்தது. உரிமைப்பட்டவர்கள் வெளியூரில் இருந்தார்கள். அதன் ஓரமாகத்தான் முடுக்கு போனது. இரண்டு வருஷத்துக்கு முன் மார்த்தாண்டத்துக்காரன் ஸ்ரீஜித், துபாயில் சம்பாதித்த பணத்தில் அந்த மனையை வாங்கினான். வீடு முடிந்ததும் இந்த வைகாசியில் மதில் எழுப்பினான். அவள் வீட்டுக் கிணற்றை உரசினாற்போல மதில் வந்து நின்றது. முடுக்கு, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்தாகிவிட்டது.

இன்னொரு வழி, சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரை. அதில் ஆட்டோ வராது. பெனினும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் சிவதாணுவை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மூன்றாம் தடவை வழுக்கியதில் நாற்காலி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. அன்றோடு அவர், “நான் வரல்ல” என்று சொல்லிவிட்டார். பயிற்சி நின்று பதினெட்டு நாள் ஆகிறது.

தாணம்மாள் ஸ்ரீஜித்திடம் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தாள்.

“மதிலு எனக்க எடத்துலயாக்கும் நிக்குது மாமி. பத்திரம் உண்டு. காணணுமா?”

“பத்திரம் ஆருகிட்டதான் இல்ல? ஊரே நடந்த வழி இது.”

“நடந்தது உண்மைதான். நடந்தவங்களுக்க எடமான்னு கேளுங்க.”

அவள் ஐந்து வீட்டிலும் கையெழுத்து வாங்கி மனு எழுதிப் பேரூராட்சிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த எழுத்தர் மனுவை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சர்வே படத்துல இந்த முடுக்கே இல்லம்மா. பழைய தாளு எதாவது இருந்தா பெலமா இருக்கும். நம்ம லைப்ரரியில ஊர் அலமாரின்னு ஒண்ணு உண்டு. போய்ப் பாருங்க. ஒண்ணும் கெடைக்கல்லன்னா மனுவ மட்டும் தாங்க. அஞ்சு வீடு ஒண்ணாச் சொன்னா சும்மா தள்ள முடியாது.”

ஆளைக் கழற்றிவிடப் பார்க்கிறான் என்று தாணம்மாளுக்குப் பட்டது. இருந்தாலும் போனாள்.

கிளை நூலகத்தில் செய்தித்தாள் மேசைக்கு அப்பால், கண்ணாடி உடைந்த இரும்பு அலமாரி ஒன்று. முன்பு இருந்த நூலகர் ஒருவர், பழைய பேப்பர் வாங்கும் ஆக்கர் கடைகளில் எடைக்குப் போகவிருந்த தாள்களை எல்லாம் பொறுக்கி வந்து சேர்த்தது. கிறிஸ்தவ சபைகளின் நூற்றாண்டு மலர்கள், பள்ளி ஆண்டு விழா அழைப்பு, அய்யாவழி நிழல்தாங்கல் திருநாள் நோட்டீஸ், அம்மன் கோயில் கொடைவிழா நோட்டீஸ். இப்போதைய நூலகர் ஜாஸ்மி முப்பது வயதுப் பெண்.

“பைய வெளித்தட்டுல வையுங்கம்மா. பேனா கூடாது, பென்சில் தாறேன். இந்த நோட்டுல பேரு எழுதுங்க. தாள எண்ணித் தருவேன், எண்ணி வாங்குவேன்.”

“என்ன நம்பல்லியோ?”

“ஆரையும் நம்பல்ல.”

தாணம்மாளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. ஆனால் பெயர் எழுதக் குனிந்தபோது நோட்டில் மேலே இருந்த வரியைப் பார்த்தாள். போன வாரம், கொடை நோட்டீஸ் கட்டு, வைகுண்டராஜன். பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னும் அதே கட்டு, அதே பெயர். வைகுண்டராஜன் நில புரோக்கர். ஸ்ரீஜித்துக்கு மனையை முடித்துக் கொடுத்தவர்.

மனை விற்கும் முன் ஒரு தடவை. மதில் கட்டிய பின் ஒரு தடவை. அவளுக்கு வேறு ஒன்றும் யோசிக்கத் தேவைப்படவில்லை.

“இவரு பாத்துட்டுப் போன பொறவு தாளு எண்ணினியா?”

“எண்ணினேனே. நூத்திப் பன்னெண்டு.”

“அந்த எண்ணத்த எழுதினது ஆரு?”

“நாந்தான்.” ஜாஸ்மியின் முகம் மாறியது. “ஏம்மா, நான் கிழிச்சுக் குடுத்தேன்னு சொல்லுதியளா?”

“நான் ஒண்ணும் சொல்லல்ல. கேக்கத்தான் செய்யேன்.”

கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு நோட்டீஸிலும் கொடை நிகழ்ச்சிகளுக்குக் கீழே அம்மன் ஊர்வலம் போகும் வழி பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. எந்தத் தெரு, யார் வீட்டு முக்கு, எங்கே திரும்புவது, எல்லாம் வரிசையாக. 1993-ஆம் வருஷ நோட்டீஸில் அவள் விரல் நின்றது. ‘கடைத்தெருவிலிருந்து, திரு. கோலப்பன் அவர்கள் வீட்டுக் கிணற்றுக்குத் தெற்கே முடுக்கு வழியாக.’

கோலப்பன் அவளுடைய மாமனார். கிணற்றுக்குத் தெற்கே என்றால் இப்போது ஸ்ரீஜித்தின் மதில் நிற்கும் இடம். பேரூராட்சிக்காரர் கேட்ட பழைய தாள் இதுதான். மனுவோடு இதன் நகலைச் சேர்த்துக் கொடுத்தால், ஒரு வாரத்தில் மதிலை இடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

“கெடச்சுதா தாணம்மா?”

திரும்பினாள். செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வைகுண்டராஜன் நின்றிருந்தார். எழுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு.

“நீங்க இஞ்ச என்ன செய்யுதிய அண்ணாச்சி?”

“இது எனக்குத் தொழில் மாதிரி. பத்திரத்த எழுதினவன் ஒருத்தன், வாசிச்சவன் ரெண்டு பேரு. கொடை நோட்டீஸு அப்பிடியா? ஊரே வாசிக்கும். வழி ஒரு எழுத்து மாறினா அடிபிடி ஆயிரும். அதனால எந்த மனையத் தொட்டாலும் நான் இத ஒருக்கா பாத்துக்கிடுவேன்.” எட்டி அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். “தொண்ணூத்தி மூணா? இது போதும். நகலெடுத்துக் கொண்டு குடுங்க. காரியம் நடக்கும்.”

“ஸ்ரீஜித்து உங்க ஆளுல்லா? அவன் தோக்கதுக்கு நீங்க வழி சொல்லுதிய?”

“என் வேல மனை முடிஞ்சதோட முடிஞ்சுது. சிவதாணுவ நாற்காலியில தூக்கினத நானும் பாத்தேன்.”

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். தாணம்மாள் தாளை நகலெடுக்கக் கொடுக்கவில்லை. அந்த ‘இது போதும்’ அவள் காதில் மீட்டர் சக்கரம் மாதிரிச் சுற்றியது. எதிரிக்கு மனை வாங்கிக் கொடுத்தவன் போதும் என்று சொன்னால் போதாமல் ஏதோ இருக்கிறது. கட்டை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். 1991-க்கு முந்தையது ஒன்றுகூட இல்லை.

“மக்கா, பழைய வருஷங்களக் காணல்லியே.”

ஜாஸ்மி பதிவேட்டில் எதையோ எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “அந்தக் காலத்து நோட்டீஸு பெரிய தாளும்மா. மடக்கினா கிழியும். கீழ்த்தட்டுல விரிச்சு வச்சிருக்கு. நீங்க களவு போனதத்தானே கேட்டிய, இருக்கத கேக்கல்லியே.”

கீழ்த்தட்டிலிருந்து ஏழு தாள்கள் வந்தன. மஞ்சளும் ரோஸுமாக வெளுத்துப் போனவை. 1984. ‘திரு. கோலப்பன் அவர்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே முடுக்கு வழியாக.’ 1986-இலும் அப்படியே. 1989-இலும் அப்படியே.

தாணம்மாள் மூன்று தடவை வாசித்தாள். அவள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே இப்போது இருப்பது அடுக்களை. பெண் பார்க்க வந்தபோதே மாமனார் அதைப் பெருமையாகச் சொன்னார்: புது அடுக்களை, மழையானாலும் வெயிலானாலும் வெளியே இறங்க வேண்டாம், சன்னல் வழியாகவே தண்ணீர் கோரலாம். முப்பத்தைந்து வருஷமாக அவள் அப்படித்தான் கோருகிறாள்.

முடுக்கை ஸ்ரீஜித் அடைக்கவில்லை. அதை அடைத்து, தெருவைப் பக்கத்து வெறும்மனையில் நடக்கவிட்டவர் கோலப்பன்.

வைகுண்டராஜனைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளில் முகத்தை மறைத்திருந்தார்.

“அண்ணாச்சி, இதப் பாத்திருக்கியளா?”

“பாத்தேன்.”

“ஸ்ரீஜித்துகிட்ட சொன்னியளா?”

“பழைய தாளு உண்டான்னு கேட்டான். தேடுதேன்னு சொல்லி வச்சிருக்கேன்.” தாளை இறக்கினார். “உங்க மாமனாரு எனக்கு வேண்டியவரு, தாணம்மா. தொண்ணூத்தி மூணே போதும்னு சொன்னது அதுக்காச்சுட்டித்தான்.”

அது இரக்கமா, இல்லை அவள் மனுவைக் கொடுத்த பிறகு பெரிய தாளை எடுத்து நீட்டக் காத்திருந்தாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசிவரை கண்டுபிடிக்கவும் இல்லை.

“இவரு நகலு எதும் எடுத்தாரா?” என்று ஜாஸ்மியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இல்ல. நீங்க எது எடுக்கணும்?”

தாணம்மாள் இரண்டையும் கொடுத்தாள். 1993, 1984.

வீட்டுக்கு வந்து சிவதாணுவின் மடியில் 1984-ஐ விரித்தாள். அவர் வலது விரலால் அந்த வரியைத் தொட்டார்.

“நீங்க அறிஞ்சுதானே இருந்திய?”

“கல்லு…” வாய் கோணியதால் சொல் தடுக்கியது. “கல்லு சுமந்தது நாந்தான். அப்பா சொன்னா… செஞ்சேன்.”

“இத்தன வருஷம் அந்தச் சன்னல் வழியாத் தண்ணி கோரினேனே. ஒரு வார்த்த சொன்னியளா?”

“நீ சந்தோசமா… கோரினே.”

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. கஞ்சியை மட்டும் சுடாமல் ஆற்றிக் கொடுத்தாள். ஊர் முழுக்க எவன் கம்பியை ஒதுக்கினான் என்று அண்ணாந்து பார்த்துத் திரிந்தவள், தன் அடுக்களைத் தரையைக் குனிந்து பார்த்ததில்லை. மனு பைக்குள்ளேயே இருந்தது. ஐந்து கையெழுத்தும் உண்மையாக நம்பிப் போட்டவை. 1993-உம் பொய்யான தாள் இல்லை. மனுவையும் 1993-ஐயும் மட்டும் நாளைக்கே கொடுத்தால் அடுக்களை தப்பிக்கும். ஆனால் ஸ்ரீஜித் கோர்ட்டுக்குப் போவான். வழக்கு நடக்கும், ஆட்டோ வராது. டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தில் எட்டு மாதம் போய்விட்டது. இதை விரல்விட்டு எண்ணினாள். கணக்குத் தவிர வேறொன்றும் உறுத்தியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு நகலையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீஜித் வீட்டுக்குப் போனாள். அவன் படித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

“மாமி, இதுல என்ன சூது?”

“சூது உண்டும்னா நீ கண்டுபிடி. நானும் ராத்திரியெல்லாம் தேடினேன், கெடைக்கல்ல.”

“அப்ப மதிலு?”

“மதிலு நிக்கட்டு. நான் அடுக்களைய இடிக்கேன். வழி பழைய எடத்துல கெடக்கட்டு. ஆனா பொதுவழின்னு பேரூராட்சியில எழுதும்போ நீயும் கையெழுத்து போடணும். நாளைக்கு உன் வண்டிய அதுல கொண்டு நிறுத்தப்பிடாது.”

“எழுதித் தருவியளா?”

“நீ எழுதித் தருவியா?”

இருவரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் இரண்டு தடவை வாசித்தார். மற்ற நாலு வீட்டுக்காரர்களும், கைக்கு எட்டினதை விட்டுவிட்டாள் என்று அவளைத் திட்டினார்கள். மனுவைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு அவள் அதைக் காட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அடுக்களையை இடிக்க மூன்று நாள் ஆனது. கடப்பாரை சத்தம் கேட்டபோதெல்லாம் சிவதாணு முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டார். தாணம்மாள் கேஸ் அடுப்பை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு தாளிக்கும்போது அவருக்குத் தும்மல் வந்தது. அவர் தும்மட்டும் என்று விட்டாள்.

நான்காம் நாள் காலையில் ஸ்ரீஜித் டேப்போடு வந்து நின்றான். வழி தன் பக்கம் ஏறிவிடக்கூடாதே என்ற கவலை அவனுக்கு. அவன் டேப்பை நம்பாமல் தாணம்மாள் கொத்தனாரிடமிருந்து வேறொன்றை வாங்கி அளந்தாள். இரண்டுக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம் வந்தது.

“உங்க டேப்பு இழுத்துப் போயிருக்கு மாமி.”

“உன்னது துபாய் டேப்பு. அங்க அடி சின்னதா இருக்கும்.”

அவர்கள் அளந்துகொண்டிருக்கும்போதே பெனின் ஆட்டோவைப் பின்னோக்கி விட்டு உள்ளே வந்துவிட்டான். இடிபாட்டுக் கல் சக்கரத்தில் நொறுங்கியது. சிவதாணுவை அவனும் கொத்தனாரும் தாங்கி ஏற்றினார்கள். தாணம்மாள் டேப்பின் ஒரு முனையைக் கீழே போடாமல், அவர் கால் சரியாக உள்ளே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

“அக்கா வரல்லியா?” என்றான் பெனின்.

“நீ போ. நான் பஸ்ஸுல வாறேன். இவன இப்ப டேப்போட தனியா விட்டுட்டு வர முடியாது.”

ஆட்டோ முடுக்கைத் தாண்டிக் கடைத்தெருவில் திரும்பும் சத்தம் கேட்டது. ஸ்ரீஜித், டேப்பின் தன் முனையை இழுத்துப் பிடித்து, “இன்னொருக்கா அளப்போமா?” என்றான். அவள் தன் முனையைக் கிணற்றுச் சுவரில் வைத்து அழுத்தினாள்.