மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது

படூரில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் தளத்தில் ஐப்பசி மழைக்குத் தவறாமல் தண்ணீர் புகும். முதல் வருடம், தண்ணீரை வெளியே இறைக்கும் மோட்டாரைப் போடாமல் வாட்ச்மேன் தூங்கிவிட்டார் என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது.

“மோட்டார் ஓடிக்கினுதான் இருந்துச்சி சார்” என்றார் அவர். யார் கேட்டது? வேலையை விட்டு அனுப்பினோம்.

மறு வருடம் புது வாட்ச்மேன், அதே தண்ணீர். அவரையும் அனுப்பிவிட்டு, அடுத்து வருபவர் தூங்குகிறாரா என்று பார்க்க கேமரா மாட்டினோம்.

இந்த மழையில் கேமரா காட்டியது இதுதான்: ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். நாங்கள் தெருவில் இறைத்த தண்ணீர் சரிவில் இறங்கி எங்களிடமே திரும்பி வருகிறது. எதிர் அடுக்குமாடிக்காரர்களும் அதே தெருவில்தான் இறைக்கிறார்கள். போட்டுப் போட்டு ரோடு எங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டது. எங்கள் கட்டடம் நிற்பதோ, ஏரிக்குத் தண்ணீர் போன கால்வாயின் மேல்.

எல்லோரும்தான் பார்த்தோம்.

“அப்போ மோட்டார்தான் சரியில்ல. பெருசா ஒண்ணு வாங்கிடலாம்” என்றார் செயலாளர். அத்தனை முகத்திலும் நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் என் பங்குப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வாட்ச்மேன்தான் காரணம் என்றால் அவர் போனால் போதும். மோட்டார் என்றால் மோட்டார் போனால் போதும். கால்வாய் என்றால், போக வேண்டியது நாங்கள்.