கடை வாசலில் ஒரு சாய்பலகை

காஜா பேராங் சாலையில் நான் துணிக்கடை வைத்து ஆறு வருஷம் ஆகியும் என் தங்கை அந்தக் கடைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. வீட்டிலிருந்து கடை பத்து நிமிஷ நடை. அவளால் நடக்க முடியாது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில், அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, காய்ச்சல் கண்டது. அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, மருந்து கொடுக்க ஆளும் இல்லை. காய்ச்சல் விட்டபோது இரண்டு கால்களும் துவண்டு போயிருந்தன. சண்டை முடிவதற்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நான் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்து விற்றேன். பிறகு மலாக்கா டவுனுக்கு வந்து கடை பிடித்தேன். கல்யாணமும் ஆயிற்று. தங்கை எங்களோடு இருந்தாள். வீட்டுக்குள் கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்து போவாள். காய் நறுக்குவாள், தைப்பாள், தமிழ்ப் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்களோடு சன்னல் வழியாகப் பேசிப் பேசி, மலாய் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் கடையிலிருந்து ஐந்து சேலைகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரிப்பேன். அவள் ஒன்றைத் தொடுவாள். மீதியைத் திருப்பிக் கொண்டுபோவேன். மற்ற அண்ணன்மார் இதுகூடச் செய்வதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் கடையில் சிவப்புத் துணியும் வெள்ளையும் நீலமும் மஞ்சளும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் போயின. எல்லாரும் கொடி தைத்தார்கள். அந்தத் தீபாவளிக்கும் ஐந்து சேலைகளைக் கொண்டுபோய் விரித்தேன். அவள் எதையும் தொடவில்லை.

“ஏம்மா, பிடிக்கலையா?”

“கடையில மொத்தம் எத்தனை சேலை இருக்கும், அண்ணே?”

“இருக்கும், முந்நூறு, நானூறு.”

“அத்தனையில இந்த அஞ்சை நீங்க எடுத்துட்டீங்க. மிச்சத்தை நான் பார்க்கவே இல்லையே. பார்த்துட்டு நான் வேணாம்னா அது வேற. எனக்காக நீங்களே வேணாம்னு சொல்லிட்டு வந்துடறீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. செய்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போனதுபோல் இருந்தது. சேலைகளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

“அவ கேட்டதுல என்ன தப்புங்க? நான் கடைக்கு வந்தா அரைமணி நேரம் புரட்டிப் பார்க்கிறேன். அவளும் பொம்பளைதானே?”

அன்று கடைக்குப் போனதும் முதல்முறையாக என் கடையைச் சாலையிலிருந்து நின்று பார்த்தேன். முன்னால் லோங்காங், சாலையோரச் சாக்கடை. அதைத் தாண்ட ஒரு குறுகிய கல். அப்புறம் உயரமான மூன்று படிகள். அஞ்சடி நடைபாதையைக் கடந்தால் மரத்தால் ஒரு வாசற்படி. உள்ளே என் நெஞ்சளவுக்கு மேசை. அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் அலமாரி. ஆறு வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன். படி எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

தெங்கேராவிலிருந்து ஒரு சீனத் தச்சரை அழைத்து வந்தேன். அவர் சாலையிலிருந்து நடைபாதைவரை லோங்காங்குக்கு மேலே ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டார். சைக்கிள் கடையில் ஒரு பிரம்பு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டி வாங்கினேன். முதலில் போட்ட பலகை செங்குத்தாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி ஏறியதும் என் கால் வழுக்கி, நான் முட்டி போட்டு விழுந்தேன். நாற்காலியில் நல்லவேளை அரிசி மூட்டைதான் இருந்தது. தச்சர் பலகையை இரண்டு மடங்கு நீளமாக்கினார். சக்கரம் வழுக்காமல் இருக்கக் குறுக்கே மெல்லிய சட்டங்களை அடித்தார். ஒரு பக்கம் கைப்பிடி வைத்தார். வாசற்படிக்கும் இருபுறம் சரிவாகக் கட்டை அடித்தார். உள்ளே மேசையின் ஓரத்தை வெட்டி, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்துக்கு இறக்கினார்.

தங்கை மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் வந்து இறங்கினாள். நான் நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏற்றினேன். அன்று காலை முழுக்க அவள் சேலை பார்த்தாள். ஒரு அலமாரி முடிந்ததும், “அடுத்ததை எடுங்க” என்பாள். பேசவில்லை, சிரிக்கவில்லை. துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, திரும்ப மடித்து வைத்தாள். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு மெல்லிய வாயில் துணிச் சேலையை எடுத்தாள். இருபது வருஷம் ஆனாலும் நான் அவளுக்காக அதைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் கடைக்கு வரத் தொடங்கினாள். தாழ்ந்த மேசையில் அவள்தான் துணி காட்டினாள். பலகையைப் பார்த்துவிட்டு வேறு ஆட்களும் வந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய் ஒரு காலோடு திரும்பிய ஒருவர் இருந்தார். அதுவரை சாலையில் நின்றபடியே, “ஒரு கைலி குடுங்க” என்று குரல் கொடுப்பார். நான் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்போது கட்டையை ஊன்றி மேலே வந்து, கால்மணி நேரம் கட்டம் போட்டதா கோடு போட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் அவ்வளவு விருப்பு வெறுப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மலாக்காச் செட்டிகள் வாழும் செட்டி கம்பத்திலிருந்து கண் தெரியாத ஓர் அம்மாள் வந்தார். நாங்கள் மக்சிக், மலாயில் அத்தை, என்று அழைப்போம். சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப்போல, பேச்சு மட்டும் மலாய். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். முதல் நாளே என் தங்கையிடம் குறை சொன்னார். கண் போனதிலிருந்து வீட்டில் எல்லாரும் தனக்கு இடுப்பில் கட்டப் பழுப்பு நிறச் சாரோங்கே வாங்கித் தருகிறார்களாம். “எனக்குத் தெரியாதென்று நினைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கை இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஊசியும் கெட்டி நூலும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சாரோங்கின் மூலையிலும் முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு வெள்ளை, இரண்டு மஞ்சள், மூன்று சிவப்பு, நான்கு பச்சை, ஐந்து நீலம். பூப்போட்டதென்றால் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தையல். மக்சிக் அதை ஒரே தரத்தில் கற்றுக்கொண்டார். அடுக்கின் ஓரமாக விரல்களை ஓட்டிக்கொண்டே போய், நான்கு முடிச்சில் நின்றார். “ஹிஜாவ்” என்றார். பச்சை. அந்தச் சாரோங்கை மருமகளிடம்கூடக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனார். என் தங்கை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் இப்படி நடந்தது.

தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் குடும்பம். பெண்ணின் அம்மா, சித்தி, அத்தை என்று ஏழெட்டுப் பேர். பெண்ணின் அம்மா வாசற்படியில் கால் வைத்தவர், தங்கையைப் பார்த்ததும் நின்றார். தங்கை ஒரு சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்து விரிக்கத் தொடங்கியிருந்தாள்.

“முகூர்த்தச் சேலை எடுக்க வர்ற இடத்துல முதல்ல கண்ணுல இதுவா படணும்?” என்று அந்த அம்மாள் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

எல்லாரும் இறங்கி எதிர்ச்சாரியில் இருந்த கடைக்குப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கை பட்டுச் சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள்.

மறுவாரம் இன்னொரு குடும்பம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவர்கள் எதற்காகத் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லி, அவள் நாற்காலியை விளக்குக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

பிறகு லோங்காங் சுத்தம் செய்வதைப் பார்க்க முனிசிபல் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை காலையில் பலகையைத் தூக்கி வைத்தால் ஆட்கள் அலசிவிட்டுப் போவார்கள், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அன்று சாப்பிடும்போது நான் சொன்னேன்: “முனிசிபல்காரன் பலகையை எடுக்கச் சொல்லிட்டான்.”

“மறுபடி எப்ப போடலாமாம்?” என்று மனைவி கேட்டாள்.

“இனிமே போடவே கூடாதாம்.”

தங்கை என்னைப் பார்த்தாள். “சரி, அண்ணே” என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள்.

பலகையைக் கழற்றிப் பின்கட்டில் சாத்தினேன். ஒரு காலோடு இருந்தவர் இரண்டு தடவை வந்து, படிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, பழையபடி சாலையிலிருந்தே குரல் கொடுத்தார். அப்புறம் வரவில்லை. மக்சிக் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைப்பிடி இருந்த இடத்தில் கையை நீட்டித் தேடினார். கை காற்றில் அலைந்தது. மருமகள் இடுப்பைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினாள். உள்ளே வந்து சாரோங் அடுக்கில் விரல்களை ஓட்டினார். புதிதாக வந்த சரக்கு அது. ஒன்றிலும் முடிச்சு இல்லை. அடியிலிருந்து மேல்வரை தடவிவிட்டு, “கோசோங்” என்றார். ஒன்றுமில்லை, வெறுமை.

“தங்கச்சி எங்கே?”

“உடம்பு சரியில்லை” என்றேன். அது இன்னொரு பொய்.

மக்சிக் தலையாட்டிவிட்டு இறங்கினார். பிறகு எப்படியோ விசாரித்து எங்கள் வீட்டுக்கே வந்தார். வேறு எங்கோ வாங்கிய துணிகளைக் கொண்டுவருவார். தங்கை முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து மலாயில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வந்தால் பேச்சு குறைந்துவிடும்.

கல்யாண வீட்டார் எவரும் என் கடையைத் தேடிக் கூட்டமாக வந்துவிடவில்லை. வியாபாரம் முன்னே இருந்தபடிதான் இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, மனசு கேட்காமல், சிமெண்டிலேயே ஒரு சரிவு கட்டினேன். லோங்காங்குக்கு மேலே கம்பி போட்டு, தண்ணீர் போக வழி விட்டு, உறுதியாகக் கட்டினேன். தங்கையிடம் போய்ச் சொன்னேன்.

“நல்லது. யாருக்காவது உதவும், அண்ணே” என்றாள்.

“நீ வரலையா?”

“எனக்கென்ன அங்க வேலை?”

தீபாவளிக்கு இருபது சேலைகளைத் திரிஷாவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டாள். “எதுவா இருந்தா என்ன” என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னாள்.

பல வருஷங்களுக்குப் பின் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அந்தப் பலகையை எடுக்கச் சொல்லி முனிசிபல்காரன் சொல்லலம்மா.”

“தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“அவரு பேசினப்ப நான் அலமாரிக்குப் பின்னாலதானே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை தூக்கிட்டு அப்புறம் போட்டுக்கலாம்னுதானே சொன்னாரு?”

நான் அவளை அங்கே தள்ளி வைத்ததே எனக்கு மறந்து போயிருந்தது.

“அப்ப ஏம்மா அன்னைக்கே கேட்கல?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “கேட்டிருந்தா நீங்க நிஜத்தைச் சொல்லியிருப்பீங்க. அதைக் காதால கேட்டப்புறம் இந்த வீட்ல நான் எப்படி இருக்கறது?”

என் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். தங்கை பாதி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். சாரல் அடிக்கிறது, சன்னலைச் சாத்துங்கள் என்றாள். எழுந்து சாத்தினேன். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். மக்சிக்குக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம். மருமகளோடு வந்தார். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தேடிப் பிடித்து, நெடுநேரம் இருந்தார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பும்போது மருமகள்தான், “போறோம்” என்று தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாள். வாசல்வரை போய் அவர்களைத் திரிஷாவில் ஏற்றிவிட்டு, உள்ளே காரியம் இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.