நீச்சல் மறக்குமாக்கும்?

எழுபதுகளின் நடுவில், முதலமடையில் எங்கள் மாந்தோப்புக் கிணற்றில் நடந்தது இது. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த கோடை. எட்டு வயது மகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறேன் என்று என் கணவர் கிளம்பினார், நானும் கூடவே போனேன்.

கல்யாணமான புதிதில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த மனிதர்தான். அப்புறம் கிணற்றுக்கு மோட்டார் வந்தது, வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. அவர் மாங்காய் மண்டி நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டார். தொந்தி மட்டும் வளர்ந்தது.

"ஏனுங்க, தண்ணியில எறங்கி எத்தனை வருசமாச்சு, பாத்துங்க" என்றேன்.

"அட போ புள்ள! நீச்சல் மறக்குமாக்கும்?" என்று சிரித்தார்.

மகளின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிப் படியோரம் மிதக்கவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைக்கு வித்தை காட்டவேண்டுமே! மேலேறிப் போய்த் தொபுக்கடீர் என்று குதித்தார்.

தலை வெளியே வந்தது. நாலு கை போட்டிருப்பார். வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தமே வரவில்லை. அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று மகள் கெக்கலித்துச் சிரித்தாள். சாமி சத்தியமாக, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த முகம் தண்ணீருக்குள் இறங்கியபோதுதான் அது விளையாட்டில்லை என்று புரிந்தது.

சேலையை வரிந்து கட்டக்கூட நேரமில்லை, குதித்துவிட்டேன். என்னைப் பிடிக்க வந்த கைகளுக்குச் சிக்காமல் பின்பக்கமாகப் போய், தலைமுடியைப் பற்றி இழுத்துவந்து படியில் சாய்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானும் கிணற்றில் இறங்கியதில்லை. ஆனால் தினமும் தண்ணீர் சேந்தி, உலக்கை போட்ட கை அல்லவா, அது கைவிடவில்லை.

இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவர், பேயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"உனக்கு நீச்சல் தெரியுமா புள்ள?"

"எங்கூட்டுக் கெணத்துல பழகுனதுங்க. நீங்க எப்பக் கேட்டீங்க?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை பீறிட்டுவிட்டது.

மறுநாள் விடிந்ததும், மண்டிக்குப் போகுமுன் அவரே கிணற்றுப் படியில் நின்றுகொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மகளின் குடுக்கையோடு இன்னொன்றையும் சேர்த்துத் தன் இடுப்பில் கட்டியிருந்தார்!

இன்றைக்கும் வீட்டில் யாராவது எழுந்திருக்காமல் உட்கார்ந்தே கிடந்தால், சத்தமில்லாமல் திறந்து மூடிய அந்த வாய்தான் என் கண்ணுக்குள் வருகிறது. நீச்சலை அவர் மறக்கவில்லை, மூச்சுதான் அவரை மறந்துவிட்டிருந்தது.