வடக்கத்திப் பருந்துகளின் கணக்கு

ஆவாரம்பட்டை வெயிலில் காயும்போது கஷாயத்தில் வெல்லம் போட்டதுபோல ஒரு வாசனை எழும்பி, பக்கத்துத் தொட்டிகளில் ஊறும் தோலின் வீச்சத்தையும் மீறிக்கொண்டு மூக்கில் ஏறும். பதினோரு வயதில், ஒரு புரட்டாசி மாதம் முழுக்க அந்த வாசனைக்கு நடுவே, ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் பட்டைக் களத்தில் அண்ணாந்து உட்கார்ந்து நான் பருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். மழையில் நனைந்தால் சாறெல்லாம் இறங்கி வெறும் சக்கையாகிவிடும். மழை எப்போது பிடிக்கும் என்பதை எங்கள் ஷாப்பில் பருந்தை வைத்துத்தான் பார்த்தார்கள். தோலிலிருந்து சுரண்டிப்போட்ட ஜவ்வைத் தின்னத் தாழ்வாக வட்டமிடுவது "ஊர்ப்பருந்து". அது கணக்கில் சேராது. பாலாற்றுக்கு வடக்கேயிருந்து, உயரத்தில், இறக்கை அசைக்காமல் ஜவ்வாது மலையை நோக்கிப் போவதுதான் "வடக்கத்தியான்". வல்லூறும் ராஜாளியும் அதனோடு கலந்து வரும். பத்துக்கு ஒரு பட்டைத் துண்டை மடியில் போட்டுக்கொள்வேன். ஒரு பகலில் நூறு தாண்டிவிட்டால் மறுநாள் விடிந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பட்டையைக் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண் நான். எண்ணுவதில் மட்டும் தப்பு வராது. களத்துப் பொறுப்பில் இருந்த என் அப்பாவே, "கண்ணுன்னா எங்க பாப்பா கண்ணுதான்" என்று எல்லோரிடமும் சொல்லுவார். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, தை பிறந்ததும் என்னை வேலூர் போர்டிங்கில் சேர்ப்பதாகவும், நானும் டீச்சராகலாம் என்றும் சொல்லியிருந்தார். நான் அந்தத் தைக்காகவே காத்திருந்தேன்.

ஒரு நாள் பதினாலு துண்டு சேர்ந்தது. ஆட்களை வேலை மாற்றிவிடும் ஷாப்பு மேஸ்திரி என் தாய்மாமன்தான். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தொட்டியிலிருந்து தோல் தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், "நாளைக்கு மெட்ராஸுக்குச் சரக்கு போவணும். இப்போ ஆளுங்கள எடுத்தா பேஜாரு. நீ போ, உங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கே மழை பிடித்தது. களத்திலிருந்து செம்பழுப்பாகத் தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது. முதலாளி சாயபு குடையோடு வந்து நின்று, "இன்னா மேஸ்திரி, பருந்து வர்லியா?" என்று கேட்டார்.

"வந்துச்சு சாயபு. இந்தப் பொண்ணு முப்பதுதான்னு சொல்லிச்சு," என்றார் மாமா.

சாயபு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. சின்னப் புள்ள, எண்ணத் தெரியல," என்றார்.

"ஒரு கொழந்தைய நம்பிக் களத்த வுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சாயபு போய்விட்டார். யாருக்கும் வேலை போகவில்லை.

அதிலிருந்து பட்டை இடிக்கும் பெண்கள், "இன்னாடி, உன் கையில எத்தினி வெரலு? நிதானமா எண்ணிச் சொல்லு," என்று சிரிப்பார்கள். தையில் டீச்சரம்மா வீட்டுக்கு வந்தபோது மாமாதான் பதில் சொன்னார்: "பருந்தே எண்ணத் தெரியாதவ புள்ளைங்களுக்கு இன்னாத்தம்மா சொல்லிக் குடுக்கப்போறா?" கூடைக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிரவில்லை. அடுத்த வாரம் நானும் உலக்கையை எடுத்தேன்.

மாமா அப்பாவிடம் சொல்ல மறந்திருப்பார், அப்பா மாமாவின் பேச்சை நம்பிவிட்டிருப்பார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதனால் அப்பாமேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. போன வருஷம் உடம்புக்கு முடியாமல் என் வீட்டில் படுத்திருந்தவர், ஒரு மத்தியானம் தாமாகவே சொன்னார்:

"அன்னிக்கு சாயங்காலமே உங்க மாமன் நூத்திநாப்பதுன்னு சொல்லிட்டான்மா. சரக்கு போனப்புறம் பட்டைய எடுத்துக்கலாம்னு ரெண்டு பேருந்தான் முடிவு பண்ணோம். எங்கள்ல ஒருத்தன் பேரச் சொல்லியிருந்தா வேல போயிருக்கும். உன் பேரச் சொன்னா உனக்கு இன்னா போவப்போவுது?"

பிறகு குடிக்க வெந்நீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது ஆவாரம்பட்டைக்குப் பதிலாக, வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டை கப்பலில் மூட்டையாக வந்து நேரே கிடங்குக்குள் போய்விடுகிறது. களத்தில் தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். புரட்டாசியில் அங்கே அண்ணாந்து பார்க்க யாரும் இல்லை. மாமா இல்லை. ஆவணியில் அப்பாவும் போய்விட்டார். ஊரார் வந்து துக்கம் கேட்டார்கள். தெரியாமல் சொல்லிவிட்டார் என்று முப்பது வருஷமாக நான் மனசில் வைத்திருந்த அப்பா, போன வருஷம் வெந்நீர் கேட்ட அந்த மத்தியானமே போய்விட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.