வெளிப்பக்கமாக அளந்த ஒரு மீட்டர்

மீட்டர் கேஜ் ரயில் பாதையில் அந்த மீட்டரை எங்கே தொடங்கி எங்கே முடித்து அளக்க வேண்டும் என்பது ஐம்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. தெரியாததில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, அவர்கள் சுகமாகத்தான் இருக்கிறார்கள். என் விஷயத்தில் வெட்கம் என்னவென்றால், மீட்டர் கேஜைப் பற்றி மூன்று கல்லூரிகளில் சொற்பொழிவு ஆற்றியவன் நான். ஒன்றில் சால்வை வேறு போர்த்தினார்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ரயிலைப் பற்றி எங்கள் நூலகத்துக்கு வந்த புத்தகங்களை, வேறு யாரும் எடுக்காத குறைக்கு, நானே படித்துத் தீர்த்திருக்கிறேன். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் உச்சிப்புளிப் பக்கம் ஒரு பழைய தண்ணீர் டாங்கி வண்டியைப் பழுதுபார்க்கும் கூட்டத்தில் சேர்ந்தேன். கூட்டம் என்றால் என்னோடு சேர்த்து நான்கு பேர்.

அது நாலு சக்கர மீட்டர் கேஜ் வண்டி. சட்டத்தின் மேல் படுக்கவைத்த பெரிய பீப்பாய் மாதிரி இருக்கும். எங்கள் ஜில்லாவில் ஒரு காலத்தில் ரயில் நிலையங்களுக்கே குடிதண்ணீர் ரயிலில்தான் வந்தது. பழைய பாதையைப் பெயர்த்து அகலப்பாதை போட்டபோது ஓர் உப்பு வியாபாரி இந்த வண்டியை ஏலத்தில் எடுத்து, தன் உப்பு மூட்டைக் கிட்டங்கிக்குப் பின்னால் நிறுத்தி, வேலையாட்களுக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கிக்கொண்டார். அப்புறம் அதுவும் ஓட்டையாகி, கோழி அடைகிற இடமானது.

கிட்டங்கிக்கு அடுத்த வீடு ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவருடையது. நிலக்கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, நீராவி போய் டீசல் வந்து, டீசலிலும் முப்பது வருஷம் ஓட்டி இறங்கியவர். கூட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். முதல் நாள் என்னிடம் சொன்னார்: “நான் ஓட்டுன எஞ்சின் ஒண்ணுகூட இப்ப இல்ல சார். எல்லாத்தையும் அறுத்துட்டாக. பேரன் கேக்குறான், நீங்க எந்த வண்டி ஓட்டுனீகன்னு. கை காட்டுறதுக்கு ஒண்ணு வேணும்ல?”

துருவைச் சுரண்டச் சுரண்ட, டாங்கியின் வயிற்றில் ஓர் எண் தெரிந்தது. ஓட்டுநர் அதைத் தடவிப் பார்த்து, “இதே வண்டிதான்! இதை நான் இழுத்திருக்கேன்!” என்றார். நாலு இலக்கத்தில் ஓர் இலக்கம் இன்னும் துருவுக்குள்தான் இருந்தது. எந்த எண் வந்திருந்தாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பது என் கருத்து. அதை என்னோடு வைத்துக்கொண்டேன்.

மற்ற இருவர் உண்மையில் வேலை தெரிந்தவர்கள். திருப்பாலைக்குடியில் படகுகளுக்கு வெல்டிங் வைக்கும் பாய் ஒருவர். மண்டபம் முகாமில் இருந்து வரும் பெயின்டர் ஒருவர். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர், பேச்சு மட்டும் இன்னும் முழுதாக வந்து இறங்கவில்லை. எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று யாருக்கும் தெரியாததால், ‘வரலாற்று ஆலோசகர்’ என்ற பதவியை நானே எடுத்துக்கொண்டேன். நடைமுறையில் டீ வாங்கி வருவது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சுரண்டினோம். அடுத்த ஞாயிறு போனால் உப்புக் காற்று புதுத் துருவைத் தயாராக வைத்திருக்கும். ஏழெட்டு வாரம் இப்படி மாறி மாறி விளையாடிய பிறகு பாய் ஒரு டின் நீலப் பெயின்டைக் கொண்டுவந்து வைத்தார். படகுக்கு அடிக்கிறது. நான் பதறிப்போய், இந்த வகை வண்டிக்கு நீலம் அடித்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று அரை மணி நேரம் பேசினேன். பெயின்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணை, புத்தகம் உங்கட நூலகத்துக்குள்ள நிக்குது. இது கடற்கரையில எல்லோ நிக்குது?” என்றார். வண்டி நீலமானது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது உப்பு வியாபாரி கிட்டங்கியை விற்றுவிட்டார். வாங்கியவர் நல்ல மனிதர். வண்டியைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அங்கேயே நின்றால் பழைய இரும்பாக அறுத்துவிடுவார். மறுநாள் அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறது.

“எங்க கொல்லையில நிப்பாட்டுவோம்” என்றார் ஓட்டுநர். அவர் மனைவி துணி காயப்போடும் இடம் அது. மதினி கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார்.

வண்டி வருவதற்கு முன் கொல்லையில் தண்டவாளம் போட வேண்டும். கிட்டங்கிக் கூரைக்கு உத்தரமாக இருந்த இரண்டு பழைய தண்டவாளங்கள் கிடைத்தன. அடியில் குறுக்கே போட ஆறு ஸ்லீப்பர் கட்டைகளும் தேறின. பாய்க்குத் தொண்டியில் ஒரு படகு வேலை, பெயின்டருக்கு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு வெள்ளையடிப்பு. “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அவ்வளவு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வேலை அது. பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சார், எம்புட்டு அகலம்னு தெரியும்ல?”

“பாய், பேரிலேயே இருக்கிறது. மீட்டர் கேஜ். ஒரு மீட்டர்” என்று நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஒரு மீட்டர் மரக்கோலைக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கினேன். எனக்குத் தெரிந்து நான் பார்த்த ஒரே அளவெடுப்பு, வீடு வாங்கும்போது சர்வேயர் அளந்தது. அவர் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளந்தார். நானும் ஒரு தண்டவாளத்தின் வெளி ஓரத்தில் கோலை வைத்து, மற்றதன் வெளி ஓரத்தில் முடித்தேன். நூல் பிசகவில்லை. இரண்டு கூலியாட்கள் ஆணியடித்தார்கள். ஓட்டுநர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “என்ன நேரா இருக்கு, பாருங்க சார்!” என்றார்.

சனிக்கிழமை காலை ஹைட்ரா கிரேன் வந்தது. அதை ஓட்டி வந்தவர் இறங்கும்போதே சொல்லிவிட்டார், மூணு மணிக்குத் தொண்டியில் ஒரு விசைப்படகைத் தூக்க வேண்டும், ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று. புது உரிமையாளர் அனுப்பிய கேஸ் கட்டர்காரரும் சிலிண்டரோடு வந்து கிட்டங்கிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். மடியில் அவித்த கடலைப் பொட்டலம்.

“நான் ஒண்ணும் அவசரப்படலண்ணே. நீங்க பாருங்க. ஆகலைன்னா ஒரு குரல் குடுங்க, பொழுதுசாய அறுத்துருவேன்.”

“ஏலே, நீ செத்த வாய மூடிட்டு உக்காரு” என்றார் ஓட்டுநர். அவர் வேட்டி கட்டவில்லை. பழைய ரயில்வே நீலச் சட்டையும் பேன்ட்டும் போட்டிருந்தார். பொத்தான் வயிற்றில் மட்டும் சம்மதிக்கவில்லை.

கிரேன் வண்டியைத் தூக்கிக்கொண்டு, பூனை குட்டியைக் கவ்வி வருகிற மாதிரி மெதுவாகக் கொல்லைக்கு வந்தது. மதினி சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, தண்டவாளத்தின் மேல் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். புது வண்டிக்கு வைப்பதுதானே. வண்டி இறங்கியது. நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. எல்லோரும் கைதட்டினோம். நான் இரண்டு வார்த்தை பேசலாமா என்று தொண்டையைக்கூடச் செருமினேன்.

கிரேன்காரர் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தினார். வண்டி லேசாக ஆடியது. ஆடக்கூடாது.

பெயின்டர் குனிந்து பார்த்தார். “அண்ணை, சக்கரம் ஏறி நிக்குது. இறங்கேல்லை.”

ரயில் சக்கரத்துக்கு உட்புறமாக ஒரு விளிம்பு உண்டு. தண்டவாளத்துக்கு உள்பக்கம் இறங்கி, வண்டியை விலகாமல் பிடிப்பது அதுதான். இங்கே நாலு விளிம்பும் தண்டவாளத்தின் தலைமேலேயே ஏறி நின்றன. குதிகால் உயர்ந்த செருப்பு போட்டவளைப் போல வண்டி நுனியில் நின்றுகொண்டிருந்தது.

பாய் என்னிடம் வந்தார். கோபமில்லை, விசாரணைதான்.

“சார், அந்த ஒரு மீட்டர எங்கன வச்சு அளந்தீக?”

“இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்.”

“உள் ஓரமா, வெளி ஓரமா?”

“வெளி.”

பாய் “யா அல்லாஹ்” என்று ஸ்லீப்பர் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரைதான் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு தண்டவாளத் தலையின் கனத்தையும் நான் அந்த மீட்டருக்குள்ளேயே போட்டுக் கணக்கை முடித்திருந்தேன். ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறைச்சல்.

“அண்ணே, நீங்க இத்தன வருசம் ஓட்டுனீகளே, பாத்தாத் தெரியலயா?” என்று பாய் ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

“ஓட்டுறவன் அகலத்த எதுக்குய்யா பாக்கணும்? நீளத்தப் பாப்பேன், சிக்னலப் பாப்பேன். அகலம் பாதையப் பாக்குற கேங்மேன் பாடு.”

சுவரின் மேலிருந்து, “அண்ணே, சிலிண்டரத் திறக்கவா?” என்று குரல் வந்தது.

ஓட்டுநர் டாங்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மணி பன்னிரண்டே கால்.

என்ன செய்யலாம் என்று புத்தகத்தில் பார்ப்பதற்காக நான் பைக்குள் கையை விட்டேன். பாய் என் கையைப் பிடித்து வெளியே எடுத்தார். “கோலும் வேணாம், புத்தகமும் வேணாம். படகுக்கு அடித்தகடு போடையில அளந்துக்கிட்டா இருக்கோம்? வச்சுப் பாத்து, ஒட்டுற எடத்துல அடிப்போம். இங்கனயும் சக்கரத்தையே கேட்டுருவோம்.”

வண்டியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, ஒரு பக்கத் தண்டவாளத்தின் ஆணிகளை மட்டும் கடப்பாரையால் நெம்பினோம். நான் நெம்பிய ஆணி ஒன்று. மீதிப் பதினொன்றை மற்றவர்கள் எடுத்தார்கள். கேஸ் கட்டர்காரரே இரண்டு எடுத்தார். “சும்மா உக்காந்தா கடல தீந்துருது” என்று காரணம் சொன்னார். பிறகு அசையாத தண்டவாளத்தில் ஒரு பக்கச் சக்கரங்கள் சரியாகப் பொருந்தும்படி வண்டியைத் தாழ்த்தி, நூலளவு உயரத்தில் தொங்கவிட்டார் கிரேன்காரர். எதிர்ப்பக்கத் தண்டவாளத்தைக் கடப்பாரையால் வெளியே தள்ளித் தள்ளி, விளிம்பு உள்பக்கம் உரசும் இடத்தில் நிறுத்தினோம். பெயின்டர் தூரிகையை எடுத்து, தண்டவாளத்தின் வெளி ஓரத்தை ஒட்டி ஆறு கட்டையிலும் நீலக்கோடு இழுத்தார். ஆறு கோடும் ஆறு மூச்சில்.

வண்டி மறுபடி மேலே போனது. கோட்டில் தண்டவாளத்தை வைத்து சம்மட்டியால் ஆணியடித்தோம். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி இறங்கியது. இந்தத் தடவை எலுமிச்சம்பழம் வைக்க யாருக்கும் நேரமில்லை. கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு ‘டொக்’. நாலு சக்கரமும் உட்கார்ந்தன. கிரேன்காரர் சங்கிலியைக் கழற்றினார். ஆடவில்லை.

ஓட்டுநர் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். நாங்களும் சேர்ந்து தள்ளினோம். ஓர் அங்குலம் நகரவில்லை. சக்கரத்தைக் கேட்டு வைத்ததால் இண்டு இடுக்கு இல்லாமல் இறுகிவிட்டது. ஓடும் வண்டிக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பது அப்புறம் புத்தகத்தில் பார்த்தபோது தெரிந்தது.

“எங்கிட்டும் போகாட்டி என்ன? நிக்குதுல்ல” என்றார் ஓட்டுநர். ஏணியில் ஏறி டாங்கியின் மேல் உட்கார்ந்து, செல்போனில் பேரனைக் கூப்பிட்டு, வீடியோவில் முகத்துக்குப் பதிலாக வண்டியைக் காட்டினார். கேஸ் கட்டர்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, “இன்னைக்குப் பொழப்பு போச்சு” என்று எல்லோருக்கும் கடலை கொடுத்தார்.

கிரேன் போன பிறகு மதினி டீ கொண்டுவந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். புதுக்கோடுகளையும், பிடுங்கிப் போட்ட வளைந்த ஆணிகளையும், கொப்புளம் போட்ட என் உள்ளங்கையையும் பார்த்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிடாதீக. இந்த வண்டி இனிமே ஓடப்போறதில்லதானே?”

“இல்லை மதினி. இங்கேயேதான் நிற்கும்.”

“அப்ப தண்டவாளம் எதுக்கு? நாலு கல்லப் போட்டு மேல உக்கார வச்சிருந்தா, காலையிலயே முடிஞ்சிருக்குமே.”